கொழுப்பு முளைக்கும் இடம்

இரண்டு மேல்கைகள். இரண்டின் பின்புறத்திலும், தோலுக்கு அடியில், 30 மி.லி. கொழுப்பு. ஒரே ஆளின் உடம்பிலிருந்து உறிஞ்சி எடுத்து, அவருக்கே திரும்பச் செலுத்திய கொழுப்பு அது. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு கையில் செலுத்தியதில் மட்டும், மி.லி.க்கு சுமார் 2 கோடி செல்களைக் கூடுதலாகக் கலந்திருந்தார்கள். அந்தச் செல்களும் அவருடையவைதான். முன்னதாகவே சிறிது கொழுப்பை எடுத்து, அதிலிருந்து பிரித்து, ஆய்வகத்தில் இரண்டு வாரம் வளர்த்துப் பெருக்கி வைத்தவை.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஸ்டிக்-ஃப்ரெடெரிக் ட்ரோயான் கோலேயும் அவரது குழுவினரும் 10 பேரிடம் நடத்திய இந்தச் சோதனை 2013இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. 121 நாட்கள் கழித்து எம்ஆர்ஐ படத்தில் அளந்து பார்த்தார்கள். வெறும் கொழுப்பு செலுத்திய கையில் சராசரியாக 16.3 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. செல்களைச் சேர்த்துச் செலுத்திய கையில் மிஞ்சியது 80.9 சதவீதம்.

கூடுதலாகச் சேர்த்த அந்தச் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்பின் அடையாளமே தெரியாது. ஒல்லியாக, இரு முனையும் கூராக, நீண்டு கிடக்கும். உள்ளே எண்ணெய்த் துளி எதுவும் இருக்காது. ஆனால் சூழல் கூடிவந்தால் கொழுப்புச் செல்லாக மாறும் திறன் அவற்றுக்கு உண்டு. இவைதான் கொழுப்பின் முன்னோடிச் செல்கள். உடம்பில் கொழுப்பைப் புதிதாக வளர்ப்பது என்று யாராவது பேசினால், அவர்கள் பேசுவது இந்தச் செல்களைப் பற்றித்தான்.

கொழுப்பைக் கரைக்க வழி தேடும் காலத்தில் அதை வளர்க்க யாருக்குத் தேவை இருக்கிறது? மார்பகப் புற்றுநோய்க்காக மார்பகத்தை இழந்த பெண்களுக்கு இருக்கிறது. விபத்திலோ தீக்காயத்திலோ முகத்தில் பள்ளம் விழுந்தவர்களுக்கும், கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பிறகு தோல் எலும்போடு ஒட்டிப்போனவர்களுக்கும் இருக்கிறது. உடம்பில் கொழுப்பே இல்லாமல் பிறந்து, அதனாலேயே இளம் வயதில் கடும் சர்க்கரை நோய்க்கு ஆளாகிறவர்களும் உண்டு. அவர்களுக்குக் கொழுப்பு என்பது உயிர்ப் பிரச்சினை.

இந்தத் தேவை மருத்துவர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. ஜெர்மனியின் குஸ்தாவ் நாய்பர் 1893இலேயே ஒருவரின் கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் விழுந்திருந்த தழும்புப் பள்ளத்தை நிரப்பினார். பாதாம் பருப்பை விடப் பெரிய துண்டாக வைத்தால் சரியாக அமைவதில்லை என்பதையும் அவரே கவனித்துச் சொன்னார். அந்தச் சின்னக் குறிப்புக்குள் எவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருந்தது என்பது புரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1895இல் வின்சென்ஸ் செர்னி, ஒரு பெண்ணின் முதுகுப்புறத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து, அறுவை சிகிச்சையில் குறைந்துபோன அவரது மார்பகத்தை நிரப்பினார். பிறகு பலரும் முயன்றார்கள். பலருக்கும் கிடைத்த அனுபவம் ஒன்றுதான். வைத்த கொழுப்பு வைத்தபடி இருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, சில இடங்களில் எண்ணெய்க் கட்டியாகவும் கல் போன்ற தழும்பாகவும் மாறுகிறது. அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் லிண்டன் பியர் 1950இல் எடைபோட்டுப் பார்த்து, மாற்றி வைத்த கொழுப்பில் ஓராண்டுக்குப் பிறகு சுமார் பாதிதான் மிஞ்சுகிறது என்று எழுதினார். இடம் மாற்றிய செல்களில் பிழைத்தவை பிழைத்தன, மற்றவை செத்தன என்பது அவர் கருத்து. நீண்ட காலம் பாடநூல்களிலும் இதுவே இருந்தது.

பிழைத்தவை எவை என்பதை டோக்கியோவில் ஹிதோமி எட்டோவும் கோடாரோ யோஷிமுராவும் எலிகளில் நேரடியாகப் பார்த்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் முதலில் தீர்த்துக்கொண்ட ஒரு சிக்கல். கொழுப்புச் செல் செத்தாலும் செத்தது போலத் தெரியாது. அதன் உள்ளே பெரும்பகுதியும் ஒற்றை எண்ணெய்த் துளி. செல் இறந்த பிறகும் அந்தத் துளி உருண்டையாகவே நிற்பதால், வழக்கமான சாயமிட்டுப் பார்த்தால் எல்லாம் நலமாக இருப்பது போலவே தோன்றும். எனவே எண்ணெய்த் துளியைப் போர்த்தியிருக்கும் பெரிலிப்பின் என்ற புரதத்தைத் தேடும் சாயத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். உயிருள்ள கொழுப்புச் செல்லில் இந்தப் புரதம் வளையமாகத் தெரியும், இறந்ததில் மறைந்துவிடும்.

சாயமிட்டுப் பார்த்தபோது கிடைத்த காட்சி கடுமையானது. பெரும்பாலான கொழுப்புச் செல்கள் முதல் நாளிலேயே இறந்திருந்தன. ஓரத்தில், 300 மைக்ரான் ஆழத்துக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தவை மட்டுமே தப்பின. இரத்தக் குழாய் அறுந்துபோன திசுவுக்குச் சுற்றுப்புறத்திலிருந்து கசிந்து வரும் ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் எட்டுகிறது. அதற்கு உள்ளே இருந்த அடுக்கில்தான் ஆச்சரியம் காத்திருந்தது. அங்கே கொழுப்புச் செல்கள் செத்துவிட்டன, ஆனால் அவற்றுக்கு இடையில் இருந்த முன்னோடிச் செல்கள் சாகவில்லை. அவை பெருகி, புதிய கொழுப்புச் செல்களாக மாறி, இறந்தவற்றின் இடத்தைப் பிடித்தன. இன்னும் உள்ளே, நடுப்பகுதியில், முன்னோடிகளும் இறந்துபோயின. அங்கே மிஞ்சியது எண்ணெயும் தழும்பும்தான்.

வளர்ந்த மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பட்டுப்போகிறது, அதே மண்ணில் நாற்று வேர் பிடிக்கிறது. கொழுப்பிலும் இதுவே நடக்கிறது. முதிர்ந்த கொழுப்புச் செல் பெரியது, விட்டம் 100 மைக்ரானைத் தொடும். ஆக்சிஜன் குறைந்தால் ஒரு நாள் கூடத் தாங்காது. இனி பிளவுபட்டுப் பெருகவும் அதற்கு இயலாது. முன்னோடிச் செல்லோ சிறியது, சிக்கனமானது. ஆக்சிஜன் குறையும்போது புதிய இரத்தக் குழாய்களை வரவழைக்கும் வேதிப்பொருட்களை அது கூடுதலாகச் சுரக்கிறது. நாய்பரின் பாதாம் அளவுக்கும், கோபன்ஹேகனின் 16 சதவீதத்துக்கும் இதுதான் காரணம். அங்கே 30 மி.லி. கொழுப்பையும் ஒரே உருண்டையாகச் செலுத்தியிருந்தார்கள், அதன் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் எட்ட வழியே இல்லை. நியூயார்க்கின் சிட்னி கோல்மன் போன்ற தேர்ந்த நிபுணர்கள் மெல்லிய ஊசியால் இழை இழையாகப் பரப்பிச் செலுத்துவதும் இதனால்தான். அப்படிச் செலுத்தும்போது வெறும் கொழுப்பும் ஓரளவு நிற்கிறது. கோலேயின் குழு பிற்பாடு மார்பகத்தைப் பெரிதாக்க விரும்பிய பெண்களிடம் இதே ஒப்பீட்டைச் செய்தபோது, செல் சேர்த்த பக்கத்தில் சுமார் 80 சதவீதமும் சேர்க்காத பக்கத்தில் சுமார் 45 சதவீதமும் மிஞ்சின. வித்தியாசம் அப்போதும் பெரிதுதான், ஆனால் முதல் சோதனையில் கண்ட ஐந்து மடங்கு இல்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவதை மட்டும் எடுத்துக்காட்டி விளம்பரம் செய்கிற மருத்துவமனைகள் நோயாளிகளிடம் பாதியைத்தான் சொல்கின்றன.

முன்னோடிச் செல்களைக் கண்டுபிடித்த கதையில் அவை முதலில் ஒதுக்கப்பட்டவையாகவே வருகின்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ட்டின் ரோட்பெல் 1964இல் கொழுப்புத் திசுவிலிருந்து தனிச் செல்களைப் பிரிக்கும் முறையை வகுத்தார். இன்றைக்கும் ஆய்வகங்களில் அதே முறைதான். கொழுப்பைப் பொடிப்பொடியாக நறுக்கி, கொலாஜினேஸ் என்ற நொதி கலந்த திரவத்தில் போட்டு, உடல் வெப்பத்தில் ஒரு மணி நேரம்போலக் குலுக்குவார்கள். செல்களைக் கட்டிப்பிடித்திருக்கும் நார்களை அந்த நொதி அரித்துவிடும். பிறகு சுழற்றுவார்கள். குழாயில் மூன்று அடுக்குகள் பிரிந்து நிற்கும். உச்சியில் மஞ்சளாக எண்ணெயும் மிதக்கும் கொழுப்புச் செல்களும். நடுவில் திரவம். அடியில் சிவந்த, சின்னஞ்சிறு வண்டல். ரோட்பெல்லுக்குத் தேவைப்பட்டது மேலே மிதந்தது. ஹார்மோன்கள் செல்லுக்குள் செய்தியை எப்படி அனுப்புகின்றன என்று அதில் தொடங்கிய தேடல் 1994இல் அவருக்கு நோபல் பரிசு வரை போனது. அடியில் தங்கிய வண்டலில் இரத்த செல்கள் இருந்தன, இரத்தக் குழாய்ச் சுவரின் செல்கள் இருந்தன, கூடவே முன்னோடிச் செல்களும் இருந்தன.

ஹோவர்ட் கிரீன் வேறொரு பாதையில் அதே செல்லுக்கு வந்து சேர்ந்தார். 1960களில் அவரும் ஜார்ஜ் டோடாரோவும் எலிக் கருவிலிருந்து ஒரு செல் வரிசையை உருவாக்கியிருந்தார்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, தட்டுக்கு 3 லட்சம் செல் என்ற கணக்கில் மாற்றி வளர்த்ததால் அதற்கு 3டி3 என்று பெயர். அந்தச் செல்கள் தட்டை நிரப்பியதும் பெருகுவதை நிறுத்திவிடும். அப்படி நிறுத்திய தட்டுகளை வாரக்கணக்கில் விட்டுவைத்தபோது, சில இடங்களில் செல்கள் உருண்டு, உள்ளே எண்ணெய்த் துளிகள் திரளத் தொடங்கின. பலர் அதைப் பழுதான வளர்ப்பு என்று நினைத்துக் கொட்டியிருப்பார்கள். எம்ஐடியில் இருந்த கிரீன் அந்த இடங்களைத் தனியே பிரித்து வளர்த்தார். 1974இல் வெளியான 3டி3-எல்1 வரிசை அப்படிப் பிறந்தது. இன்சுலின் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பது பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு இந்தச் செல்களில் பார்த்தறிந்ததுதான்.

இந்த மாற்றத்தைத் தட்டில் பார்ப்பது அலுக்காத காட்சி. ஒல்லிச் செல்கள் தட்டை நிரப்பியதும் இன்சுலினும், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், இன்னும் ஓரிரண்டு மருந்துகளும் கலந்த கலவையை ஊற்றுவார்கள். சில நாட்களில் கூர்முனைகள் மழுங்கும், செல் உருளத் தொடங்கும். உட்கருவைச் சுற்றிப் பளபளவென்று பொடித் துளிகள் தோன்றும். ஒரு வாரம், பத்து நாளில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். ‘ஆயில் ரெட்’ சாயத்தை விட்டால் தட்டு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். இந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் மூலவிசை எது என்பதை 1994இல் பீட்டர் டான்டோனோஸும் புரூஸ் ஸ்பீகல்மனும் காட்டினார்கள். பிபிஏஆர்-காமா என்ற ஒரே புரதத்தை வலிந்து இயக்கினால், கொழுப்போடு தொடர்பில்லாத சாதாரண இணைப்புத் திசுச் செல்லும் கொழுப்புச் செல்லாகிறது.

ஆனால் தட்டில் சிவப்பாவது வேறு, உடம்பில் திசுவாவது வேறு. அதைச் சோதித்தவரும் கிரீன்தான். 1979இல் அவரும் ஒலானியி கெஹிண்டேயும், 3டி3 வரிசையின் இன்னொரு கிளையான எஃப்442ஏ செல்களை, இன்னும் ஒல்லியாக இருக்கும் நிலையிலேயே, நோய் எதிர்ப்பு குன்றிய எலிகளின் தோலடியில் செலுத்தினார்கள். சில வாரங்களில் ஊசி போட்ட இடத்தில் கொழுப்புத் திட்டு வளர்ந்தது. தட்டில் இந்தச் செல்கள் பல சிறு துளிகளோடு நின்றுவிடும். எலியின் உடம்பிலோ இயல்பான கொழுப்புச் செல் போலவே ஒற்றைப் பெருந்துளியாக நிறைந்தன. கொழுப்புத் திசுவை முன்னோடிச் செல்லிலிருந்து உயிருள்ள உடம்பில் வளர்க்கலாம் என்பது அங்கே உறுதியாயிற்று.

உடம்பு அந்தச் செல்களுக்கு எதையோ கொடுக்கிறது. அது என்ன என்பதற்கு 1997இல் ஒரு தடயம் கிடைத்தது. கொழுப்பிலிருந்து மூளைக்குப் போய்ப் பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், தட்டில் வளரும் எஃப்442ஏ செல்களில் மிக மிகக் குறைவு. சுசேன் மாண்ட்ரூப்பும் டேனியல் லேனும் அதே செல்களை எலியில் பதித்து வளர்த்தபோது, லெப்டின் மரபணு இயல்பான கொழுப்பில் இயங்கும் அளவுக்கு இயங்கத் தொடங்கியது. இரத்த ஓட்டம், அண்டைச் செல்கள், உடம்பெங்கும் ஓடும் ஹார்மோன்கள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு கொழுப்புச் செல்லை முழுமையாக்குகின்றன. தட்டில் அவை இல்லை.

நம் எல்லோருடைய உடம்பிலும் முன்னோடிச் செல்கள் இந்த வேலையை ஓயாமல் செய்துகொண்டிருக்கின்றன என்பதற்கு, மனிதகுலம் செய்த ஒரு பெரும் தவறு சாட்சியாக வாய்த்தது. 1963 வரை வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 இரண்டு மடங்கானது, பிறகு ஆண்டுதோறும் குறைந்துவந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டில் காற்றில் எவ்வளவு கார்பன்-14 இருந்ததோ, அந்த அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்திருக்கும். ஸ்வீடனில் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் பீட்டர் ஆர்னரும் யோனாஸ் ஃப்ரிசனும் மனிதர்களின் கொழுப்புச் செல்களில் அதை அளந்து 2008இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதக் கொழுப்புச் செல்கள் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் இந்த வேகம் ஒன்றுதான். மொத்த எண்ணிக்கை இளம் பருவத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம்கூட செல்கள் சுருங்கின, எண்ணிக்கை குறையவில்லை. உங்கள் இடுப்பில் இன்று இருக்கும் கொழுப்புச் செல்களில் பெரும்பாலானவை பத்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கிடையாது.

அந்த முன்னோடிகள் குடியிருப்பது எங்கே? 2008இலேயே இதற்கும் விடை வந்தது. டல்லாஸில் ஜோனதன் கிராஃபின் ஆய்வகம், அவை கொழுப்புக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரை ஒட்டியே வாழ்கின்றன என்று காட்டியது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், லெப்டினைக் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகத்தில், மாத்யூ ரோட்ஹெஃபர் செய்தது இன்னும் நேரடியான சோதனை. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவாகத் திட்டமிட்ட சோதனை வேறொன்றை நான் படித்ததில்லை.

அவருக்கு வாய்த்த எலி ஏ-ஸிப் என்ற வகை. மரபணு மாற்றத்தால் அதற்கு வெள்ளைக் கொழுப்பே வளராது. மெலிந்து ஆரோக்கியமாக இருக்கும் என்று நினைத்தால் தவறு. உண்பதைச் சேமிக்க இடமில்லாததால் கொழுப்பு கல்லீரலில் போய் அடைகிறது, கல்லீரல் வீங்குகிறது, சர்க்கரை நோய் கடுமையாக வருகிறது. ரோட்ஹெஃபர் ரோட்பெல்லின் அடி வண்டலை எடுத்து, செல்களின் மேற்பரப்பில் இருக்கும் அடையாளப் புரதங்களைக் கொண்டு பல பிரிவுகளாகப் பிரித்தார். சிடி24 என்ற புரதம் உள்ள செல்களும், அது இல்லாத செல்களும் தட்டில் கொழுப்பாக மாறின. அங்கே இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிறகு ஏ-ஸிப் எலிகளுக்குள் செலுத்தினார். தானம் கொடுத்த எலியின் செல்கள், லெப்டின் மரபணு இயங்கினால் மட்டும் ஒளிரும்படி முன்பே மாற்றப்பட்டிருந்தன. எனவே செலுத்திய செல் உண்மையிலேயே கொழுப்பாகிவிட்டதா என்று எலியைக் கொல்லாமலே, வெளியிலிருந்து படம் பிடித்துப் பார்க்க முடிந்தது. சிடி24 இல்லாத செல்கள் இருளாகவே கிடந்தன. சிடி24 உள்ளவை, சுமார் 50,000 செல்கள், வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு முழுக் கொழுப்புத் திட்டையே உருவாக்கின. அந்த எலிகளின் சர்க்கரை நோயும் தணிந்தது.

மனிதர்களிலும் ஏ-ஸிப் எலி போன்ற நிலை உண்டு. பிறவியிலேயே கொழுப்பில்லாத குழந்தைகளை 1954இல் பிரேசிலில் பெரார்டினெல்லியும் 1959இல் நார்வேயில் செய்ப்பும் விவரித்தார்கள். தசைகள் புடைத்து, நரம்புகள் தெரிய, பசி அடங்காமல் இருக்கும் குழந்தைகள். அவர்களுக்கு இல்லாத லெப்டினை ஊசியாகச் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2014இல் அனுமதி தந்தது. பலருக்கு அது மறுவாழ்வு. ஆனாலும் அது திசு செய்யும் பல வேலைகளில் ஒன்றை மட்டுமே ஈடுசெய்கிறது. சேமிக்கும் இடம் இன்னும் இல்லை.

சேமிக்கும் இடத்தின் பேச்சு வந்துவிட்டதால், நமக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்ல வேண்டும். தெற்காசியர்களுக்கு அதிகப் பருமன் இல்லாமலேயே சர்க்கரை நோய் வருகிறது. கனடாவின் ஆலன் ஸ்னைடர்மன் 2007இல் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். தோலுக்கு நேர் அடியில் இருக்கும், தீங்கில்லாத கொழுப்பு அடுக்கு நம்மவர்களுக்குச் சிறியது. அது சீக்கிரம் நிறைந்து, மிச்சம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்கும் வழிந்துபோகிறது என்கிறார் அவர். இது இன்னும் கருதுகோள்தான். ஆனால் பாஸ்டனின் ஜாஸ்லின் நிலையத்தில் ரொனால்ட் கான் குழு, ஓர் எலியின் தோலடிக் கொழுப்பை எடுத்து இன்னோர் எலியின் வயிற்றுக்குள் வைத்தபோது, பெற்றுக்கொண்ட எலியின் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது என்பதையும் சேர்த்து யோசித்தால், கொழுப்பு என்றாலே கேடு என்ற நம் பொதுப்புத்தி எவ்வளவு முரட்டுத்தனமானது என்று தெரிகிறது.

செல்கள் கிடைத்துவிட்டன. அவற்றை எதில் வைத்து வளர்ப்பது? ஒரு மார்பகத்தை நிரப்ப நூற்றுக்கணக்கான மி.லி. திசு வேண்டும். ஹூஸ்டனில் சார்லஸ் பேட்ரிக், உடம்பில் தானே கரையும் பிளாஸ்டிக் பஞ்சில் முன்னோடிச் செல்களை ஊறவைத்து எலிகளில் பதித்தார். இரண்டாம் மாதத்தில் கொழுப்பு நன்றாகத் திரண்டது. மூன்றாம் மாதம் குறையத் தொடங்கியது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது பஞ்சும் இல்லை, கொழுப்பும் இல்லை. 2002இல் வந்த இந்த முடிவை நேர்மையாக வெளியிட்டதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். இரண்டாம் மாதத்தோடு நிறுத்தி வெற்றி என்று எழுதிய ஆய்வுகள் இத்துறையில் நிறைய உண்டு. தாங்கிப் பிடிக்கும் இடமும் இரத்த ஓட்டமும் நீடிக்காவிட்டால் கொழுப்பும் நீடிக்காது என்பதைத் தெளிவாக்கியது அவர் வேலைதான்.

எதிர்த்திசையில் ஜப்பானின் நகோயாவில் வேறொன்று நடந்தது. மேட்ரிஜெல் என்ற கூழையும் இரத்தக் குழாய்களைத் தூண்டும் ஒரு வளர்ச்சிக் காரணியையும் மட்டும், ஒரு செல்லும் சேர்க்காமல், எலியின் தோலடியில் செலுத்தினார்கள். எலியின் சொந்த முன்னோடிகளே அங்கே வந்து குடியேறி, கொழுப்புத் திட்டு வளர்ந்தது. 1998இல் வந்த இந்த ஆய்வு அப்போது பெரும் நம்பிக்கையைத் தந்தது. சங்கடம் என்னவென்றால், மேட்ரிஜெல் எடுக்கப்படுவதே எலியின் புற்றுக்கட்டியிலிருந்து. அதை மனிதருக்குப் போட முடியாது.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் வெய்ன் மாரிசன் இந்தச் சிந்தனையை மனிதர்களுக்குக் கொண்டுவந்தார். மார்பகத்தை இழந்த 5 பெண்களின் மார்பில், துளைகள் கொண்ட குவிந்த கூடு ஒன்றைப் பதித்து, அதற்குள் இரத்தக் குழாய் அறுபடாத ஒரு சிறு கொழுப்புத் துண்டைத் திருப்பி வைத்தார். கூட்டுக்குள் இருக்கும் காலி இடமே வளர்ச்சிக்குத் தூண்டுதலாகிறது. 2016இல் வந்த அறிக்கைப்படி, ஒரு பெண்ணிடம் கூட்டுக்குள் 210 மி.லி. திசு நிறைந்தது. மற்றவர்களிடம் அந்த அளவு வளர்ச்சி இல்லை. ஏன் ஒருவருக்கு மட்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என்றாலும், ஓர் உறுப்பின் அளவுக்குக் கொழுப்பை வளர்த்தெடுக்க மனித உடம்பு இடம் கொடுக்கும் என்பதற்கு அந்த ஒரு பெண் போதும்.

இதற்குள் இன்னொரு பாதையில் அவசரம் கூடிக்கொண்டிருந்தது. 2001இல் கலிபோர்னியாவில் பட்ரீசியா ஸூக்கும் குழுவினரும் உறிஞ்சி எடுத்த கொழுப்பின் வண்டலில் எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் தசையாகவும் கூட மாறக்கூடிய செல்கள் இருப்பதாக அறிவித்தார்கள். உடனே கொழுப்பு ஒரு ஸ்டெம் செல் சுரங்கம் என்று பெயரெடுத்தது. வண்டலைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்காமல், அறுவை அரங்கிலேயே கொழுப்போடு கலந்து செலுத்தும் முறையை யோஷிமுரா டோக்கியோவில் தொடங்கினார். பலன் கலவையாகத்தான் வந்திருக்கிறது. பின்லாந்தில் 2013இல் வெளியான ஒப்பீட்டில் செல் சேர்த்த மார்பகங்களும் சேர்க்காதவையும் ஏறக்குறைய ஒரே அளவு கொழுப்பைத்தான் தக்கவைத்தன. அரங்கிலேயே பிரிக்கும்போது கிடைக்கும் முன்னோடிகள் கோபன்ஹேகனின் 2 கோடிக்குப் பக்கத்தில்கூட வராது. எண்ணிக்கைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அவசரத்தின் விலையைச் சிலர் கண்ணாலேயே கொடுத்தார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் விழித்திரைத் தேய்வு இருந்த மூன்று பெண்களுக்கு, அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணுக்குள்ளும் செலுத்தினார்கள். மூவரும் பார்வையை இழந்த செய்தி 2017இல் மருத்துவ இதழில் வந்தது. கொழுப்பாக மாற வேண்டிய செல்லுக்குக் கண்ணில் என்ன வேலை என்று கேட்க அங்கே யாரும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை சிகிச்சை போன்ற நிலைநாட்டப்பட்டவை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளைப் பதிவுபெற்ற ஆய்வுகளுக்குள் மட்டுமே அனுமதிக்கின்றன. காசு வாங்கிக்கொண்டு மூட்டு வலிக்கும் முடி உதிர்வுக்கும் கொழுப்புச் செல் ஊசி போடுகிற இடங்களுக்குப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மார்பகத்துக்கு மட்டுமே உரிய கவலை ஒன்றும் உண்டு. முன்னோடிச் செல்கள் இரத்தக் குழாய்களை வரவழைக்கின்றன. ஒளிந்திருக்கும் புற்றுச் செல் ஒன்று அருகில் இருந்தால் அதற்கும் அதே இரத்தம் கிடைக்கும். ஆய்வகத் தட்டுகளில் முன்னோடிச் செல்கள் புற்றுச் செல்களின் வளர்ச்சியைத் தூண்டவே செய்கின்றன. அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர்களின் சங்கம், மார்பகத்தில் கொழுப்பு செலுத்தினால் பிற்பாடு மேமோகிராம் படத்தில் குழப்பம் வரும் என்று அஞ்சி 1987இல் அதைக் கூடாது என்றது. 2009 வாக்கில்தான் தளர்த்தியது. வெறும் கொழுப்பு செலுத்தப்பட்ட பெண்களைத் தொடர்ந்து கண்காணித்தவரை, புற்றுநோய் திரும்புவது பொதுவாகக் கூடவில்லை. கோடிக்கணக்கில் பெருக்கிய செல்களைச் சேர்த்தால் அதே நிம்மதி கிடைக்குமா என்பதை நீண்ட காலக் கண்காணிப்புதான் சொல்ல வேண்டும்.

புற்றுநோய்க்கு எதிராகவே கொழுப்பை வளர்க்கும் யோசனையும் இப்போது வந்திருக்கிறது. 2020இல் ஜாஸ்லினின் யு-ஹுவா செங் குழு, மனித வெள்ளைக் கொழுப்பின் முன்னோடிகளில் கிரிஸ்பர் என்ற மரபணுத் தொழில்நுட்பத்தால் யுசிபி1 என்ற மரபணுவை விழிக்கவைத்தது. அந்த மரபணு இயங்கும் கொழுப்பு சேமிப்பதை விட்டுவிட்டு எரிக்கும். அவற்றைப் பதித்த எலிகள் கொழுப்பு மிகுந்த உணவு உண்டும் குறைவாகவே பருத்தன, சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட்டது. சான்பிரான்சிஸ்கோவில் நடவ் அஹிடுவின் ஆய்வகம் இதை இன்னொரு பக்கம் திருப்பியது. புற்றுக்கட்டியும் சர்க்கரையையும் கொழுப்பு அமிலத்தையும் தின்றுதான் வளர்கிறது. அதைவிடப் பசி மிகுந்த கொழுப்பை உடம்பில் வளர்த்துவிட்டால், கட்டிக்குப் போக வேண்டியதை அது எடுத்துக்கொள்ளும் அல்லவா? 2025இல் வெளியான முடிவுகளின்படி, மார்பகம், கணையம் உள்ளிட்ட பல புற்றுநோய்களின் எலி மாதிரிகளில் கட்டிகள் சுருங்கின. அறுவை சிகிச்சையில் அகற்றிய மனித மார்பகத்தின் கொழுப்புச் செல்களையே மாற்றியமைத்து, அதே நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்த புற்றுச் செல் திரளோடு சேர்த்து வளர்த்தபோதும் திரளின் வளர்ச்சி தணிந்தது.

இந்தக் கொழுப்பைச் சட்டகத்தில் அடைத்துப் பதித்தால், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். டெட்ராசைக்ளின் வகை மருந்தால் மரபணுவை இயக்கவும் நிறுத்தவும் முடிகிறது. கொழுப்பை எடுப்பதும் திரும்ப வைப்பதும் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு அன்றாட வேலை என்பதால், மற்ற செல் சிகிச்சைகளைவிட இது நோயாளியைச் சீக்கிரம் எட்டலாம் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் எலிகளுக்குச் சர்க்கரையோ கொழுப்போ மிகுந்த உணவைக் கொடுத்தபோது பலன் மறைந்துவிட்டது. வளர்த்த கொழுப்பும் கட்டியும் இரண்டுமே வயிறாரத் தின்றன. மனிதர்களிடம் இதைத் தொடங்கும் நாளில், பதிக்கும் செல்லின் அளவோடு சேர்த்து, நோயாளி என்ன சாப்பிடுகிறார் என்பதையும் மருத்துவர்கள் எழுதி வைக்க வேண்டியிருக்கும்.